“கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறார், இனி நான் டொக்டர் இல்லையா?”

வன்னியில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி மருத்துவராக இருக்கும் வாசகர் ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு, சில சின்ன விபரங்களை மாற்றி, அதன் சாரத்தைத் தருகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் படித்தவர். அப்பா கமக்காரர். சொந்தத்துக்குள் முதல் டொக்டர் இவர்தான். சத்திரசிகிச்சைப் பிரிவில் முதல் ஆறு மாதத்தை முடித்துவிட்டு, இப்போது பொது மருத்துவப் பிரிவில் இரண்டாவது ஆறு மாதத்தில் நிற்கிறார். ஓர் இரவு ஒன் கோல். இரண்டு விடுதிகளுக்கு இவர் ஒருவரே. டெங்குக் காய்ச்சலோடு இருந்த நோயாளி ஒருவருக்கு இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று 1.20 மணிக்குத் தாதி அழைத்திருக்கிறார். இவர் போய்ச் சேர்ந்தது 2.05 மணிக்கு. மற்ற விடுதியில் மூச்சுத்திணறலோடு வந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு கதிரையிலேயே கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நோயாளி யாழ்ப்பாணத்துக்கு மாற்றப்பட்டு, சுகமாகி வீட்டுக்கும் போய்விட்டார். ஆனால் அன்று காலை, மருத்துவ நிபுணர் விடுதியைப் பார்வையிட வருவதற்கு முன், நோயாளியின் பெட் ஹெட் டிக்கெட்டில் (சிகிச்சைக் குறிப்புகள் எழுதும் தாளில்) தான் 1.30 மணிக்கே பார்த்ததாக இவர் குறிப்பு எழுதிவிட்டார். தாதியின் பதிவில் அழைத்த நேரமும் டொக்டர் வந்த நேரமும் இருந்தன. நிபுணர் கேட்டபோது தன் குறிப்புத்தான் சரி என்று முதலில் நின்றவர், பின்னேரம் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார். இடையில் அந்தத் தாதியோடு, நோயாளர்களுக்கு முன்னால், வாய்த்தர்க்கம் வேறு.

மறுநாள் பணிப்பாளரிடமிருந்து விளக்கம் கோரும் கடிதம் வந்தது. ஏழு நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். கடிதம் தமிழில், அதோடு இணைத்த அமைச்சின் சுற்றறிக்கை சிங்களத்தில். “பதில் தரும்வரைக்கும் வீட்டில் நில்லும்” என்று வாயால் சொன்னார்களாம். இவரும் வீட்டில்தான் நிற்கிறார். நிபுணரோ, “உம்முடைய பயிற்சிச் சான்றிதழில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன்” என்றுவிட்டாராம். நண்பர் ஒருவர், “எல்லாம் என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுத்து விஷயத்தை முடி” என்கிறார். அமெரிக்காவில் உள்ள மாமா, அங்கே ரெசிடென்ட் டொக்டர்மாரை, அதாவது வைத்தியசாலையில் பயிற்சி பெறும் டொக்டர்மாரை, நீக்கினால் வழக்குப் போட்டு நட்டஈடு வாங்கிவிடுவார்கள், நீயும் உடனே போடு என்கிறார். தொழில் நியாயமன்றத்துக்குப் போகச் சொல்கிறார் ஒருவர். பாராளுமன்ற உறுப்பினரைப் பிடிக்கலாம் என்கிறார் அத்தை. இதில் எதைச் செய்வது, இனித் தான் டொக்டராகவே முடியுமா என்பதுதான் கேள்வி.

தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது அவ்வளவும் உண்மை என்றால், இது உங்கள் மருத்துவ வாழ்க்கையை முடிக்கிற விவகாரம் இல்லை. பயிற்சிக் காலம் நீளலாம், தண்டனை ஒன்று வரலாம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் இதையே முடிவாக்கிவிடக்கூடிய ஒன்றிரண்டு காரியங்களை நீங்கள் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒன்று வீட்டில் நிற்பது. மற்றது அந்த நாலு வரி மன்னிப்புக் கடிதத்தை மடிக்கணினியில் தயாராக வைத்திருப்பது.

வீட்டில் நிற்பதைப் பற்றி இப்போதே சொல்லவேண்டும், ஏனென்றால் அது நாளைக்கே செய்யவேண்டிய வேலை. வாயால் சொன்னதை நம்பிக் கடமைக்குப் போகாமல் இருந்தவருக்குக் கையில் எந்த அத்தாட்சியும் இல்லை. ஒரு மாதம் கழித்து வரவுப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு, நீங்கள் லீவு எடுக்காமல் வராமல் இருந்தவர். அரச சேவையில் அனுமதியில்லாமல் வராமல் இருப்பவரைப் பதவியைத் தானாகவே விட்டுப்போனவராகக் கொள்ள முடியும். குற்றப்பத்திரமும் விசாரணையும் இல்லாமலே முடிந்துபோகிற வழி அது. ஆகவே நாளைக்குக் காலையில் கடமைக்குப் போங்கள். “இன்ன திகதியில் என்னை வீட்டில் நிற்கும்படி வாய்மொழியாகக் கூறப்பட்டது. நான் கடமையாற்றத் தயாராக இருக்கிறேன். கடமையிலிருந்து விலகி நிற்கவேண்டுமாயின் அதை எழுத்தில் தரவும்” என்று ஒரு கடிதம் கொடுத்து, கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள்.

மூன்று இடங்கள், மூன்று முடிவுகள்

உங்கள் கடிதத்தில் நிபுணரின் கையெழுத்து, பணிப்பாளரின் கடிதம், “டொக்டர் இல்லை” என்ற பயம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. சட்டத்தில் அவை மூன்று வெவ்வேறு அதிகாரங்கள். உங்கள் நியமனம் சுகாதார அமைச்சினுடையது. ஒழுக்காற்று நடவடிக்கை அந்தப் பக்கத்தால் வரும். பயிற்சியைத் திருப்தியாக முடித்தீர்களா என்று சொல்வது உங்களை மேற்பார்வை செய்யும் மருத்துவ நிபுணர். பதிவு இலங்கை மருத்துவ சபையின் கையில் இருக்கிறது. 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குவது அது. இப்போது உங்களிடம் இருப்பது தற்காலிகப் பதிவு. இரண்டு ஆறு மாதமும் முடிந்து சான்றிதழ்கள் போனால்தான் முழுப் பதிவு.

ஒன்றில் வரும் முடிவு மற்ற இரண்டையும் தானாக முடித்துவிடாது. நிபுணர் கையெழுத்து மறுத்தால் பயிற்சி முடியவில்லை என்றுதான் அர்த்தம். நடைமுறையில் அதற்கு வரும் பதில் நீடிப்பு: அதே பிரிவிலோ வேறொரு நிபுணரின் கீழோ இன்னும் சில காலம் வேலை செய்யச் சொல்வார்கள். பதிவிலிருந்து ஒருவரை நீக்க மருத்துவ சபைக்கு அதிகாரம் உண்டுதான். ஆனால் அதற்கு அவர்களுடைய சொந்த விசாரணை நடக்கவேண்டும், நடத்தை தொழிலுக்கே இழுக்கான அளவுக்குப் பாரதூரமாக இருக்கவேண்டும். பணிப்பாளரின் கோபமோ நிபுணரின் கோபமோ அந்த இடத்துக்குப் போதாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓரிடத்தில் நீங்கள் எழுதிக்கொடுக்கும் தாள் மற்ற இரண்டு இடங்களுக்கும் நடந்து போகும். “எல்லாம் என் பிழை” என்று பணிப்பாளருக்குக் கொடுத்தால், நாளைக்கு நோயாளியின் ஆட்கள் மருத்துவ சபைக்கு முறைப்பாடு செய்தால், அந்தத் தாளின் கொப்பி அங்கேயும் இருக்கும். எல்லாம் என்றால் எதெல்லாம்? பிந்தியதா, நேரத்தை மாற்றியதா, நோயாளியின் அழுத்தம் இறங்கியதுமா? நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறார். அந்தக் கடிதத்தை அழித்துவிடுங்கள்.

முதல் ஆறு மாதத்துக்குரிய சான்றிதழின் மூலப் பிரதி கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வைத்தியசாலை அலுமாரியில் விடாமல் வீட்டில் வையுங்கள்.

பிந்தியது வேறு, 1.30 என்று எழுதியது வேறு

கடிதத்தில் நீங்கள் பிந்தியதைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை மாற்றியதற்கு ஒரு வரி: “பயத்தில் எழுதிவிட்டேன்.” விசாரணைக்கு இருக்கப்போகிறவர்கள் இதை நேர்மாறாகப் பார்ப்பார்கள்.

பிந்தியதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. இரண்டு விடுதிகளுக்கு ஒருவர், மற்ற விடுதியில் அவசர நோயாளி, அன்று காலையிலிருந்து ஓயாத வேலை. கண்ணயர்ந்தது பிழைதான், ஆனால் மேற்பார்வையாலும் ஆட்பலத்தாலும் பயிற்சியாலும் திருத்தக்கூடிய பிழை. வன்னி வைத்தியசாலைகளில் ஆட்பற்றாக்குறை எப்படி என்று விசாரணைக்கு வருபவருக்கும் தெரியும். ஆனால் அதை நீங்கள் வாயால் சொன்னால் சாட்டு. கடமைப் பட்டியலின் கொப்பியும், மற்ற நோயாளியின் டிக்கெட்டில் உங்கள் கையெழுத்தோடு உள்ள நேரமும் சொன்னால் சான்று.

நேரத்தை மாற்றி எழுதியது அந்த வகை இல்லை. டெங்குவில் இரத்தக் குழாயிலிருந்து திரவம் கசிகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலங்களில், எவ்வளவு சேலைன், எந்த வேகத்தில் என்பதை மணிக்கணக்கு வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். இது எனக்கு டொக்டர்மார் சாட்சிக்கூட்டில் நின்று சொல்லித் தெரிந்த விஷயம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் அந்த நோயாளியைப் பொறுப்பேற்றவர் உங்கள் 1.30 ஐ உண்மையென்று எடுத்துத்தான் கணக்குப் பார்த்திருப்பார். நோயாளி பிழைத்தது உங்களுடைய அதிர்ஷ்டமும்தான். நிபுணர் ஏன் பிந்தியதைவிட இதற்குக் கூடக் கோபப்பட்டார் என்பதை நீங்கள் இந்த இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி செய்வதற்கு வழி இருந்தது. காலை ஏழு மணிக்கு எழுதுகிறவர் “7.00 மணிக்கு எழுதப்படும் குறிப்பு, நோயாளியை 2.05 க்குப் பார்த்தேன்” என்று எழுதலாம். பிந்தி எழுதியது என்று சொல்லி எழுதும் குறிப்பு குற்றம் இல்லை. இனி அந்த டிக்கெட்டை எடுத்துத் திருத்தவேண்டாம், பக்கத்தில் விளக்கம் எழுதவும் வேண்டாம். அது இப்போது ஒரு சான்றுப் பொருள். அதைத் தொட்டால் இரண்டாவது குற்றச்சாட்டு வரும். முதலாவதைவிட நிரூபிக்கச் சுகமானதாகவும் இருக்கும்.

மாமாவின் அமெரிக்காக் கதை

மாமா சொல்வதில் பாதிதான் உண்மை. அங்கே இப்படியான வழக்குகள் நிறைய நடக்கின்றன. டொக்டர்மார் வெல்வதோ குறைவு.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 இல் ஹொரோவிட்ஸ் வழக்கில் கொடுத்த தீர்ப்பில்தான் இந்த வழக்குகள் எல்லாம் போய் முட்டுகின்றன. மிசூரி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவி அவர். எழுத்துப் பரீட்சையில் கெட்டிக்காரி. நோயாளர்களோடு வேலை செய்யும் விதமும், நேரத்துக்கு வராததும், தன் சுத்தத்தைக் கவனிக்காததும் குறைகளாகச் சொல்லப்பட்டன. நீக்க முன் ஏழு வெளி மருத்துவர்களிடம் அனுப்பி மதிப்பிட வைத்தார்கள். இரண்டு பேர் பட்டம் கொடுக்கலாம் என்றார்கள், இரண்டு பேர் உடனே நிறுத்து என்றார்கள், மூன்று பேர் இன்னும் கொஞ்சக் காலம் பார்க்கலாம் என்றார்கள். அவரை நீக்கினார்கள். நீதிமன்றம் தலையிட மறுத்தது: ஒருவர் மருத்துவராகத் தகுதியா என்பதை ஆசிரியர்கள் தீர்மானிக்கட்டும், அதற்கு நீதிமன்ற விசாரணை மாதிரியான விசாரணை தேவையில்லை என்றது. 1985 இல் யூவிங் வழக்கிலும் இதே போக்குத்தான்.

மாணவருக்குச் சொன்னது சம்பளம் வாங்கும் ரெசிடென்டுக்குப் பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். மாமாவும் அதைத்தான் நினைத்திருப்பார். கனெக்டிகட் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1996 இல், சத்திரசிகிச்சை ரெசிடென்ட் ஒருவரின் வழக்கில், குப்தா என்பது அவருடைய பெயர், அவரை நீக்கியது கல்வி சார்ந்த முடிவுதான் என்று சொல்லி வைத்தியசாலையின் பக்கம் நின்றது. 2011 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேயோ வழக்கில், சமூகப் பாதுகாப்பு வரிக்கு ரெசிடென்ட்மார் ஊழியர்தான், மாணவர் என்று விலக்குக் கேட்க முடியாது என்றது. வரி என்று வந்தால் ஊழியர், தகுதி என்று வந்தால் மாணவர். இரண்டு பக்கத்தாலும் அடி.

உங்களுக்குக் கிட்ட வருவது 2015 இல் ஆறாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த அல்-தபாக் தீர்ப்பு. ஒஹையோ மாநிலத்தில் கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர் அவர். பாடத்தில் நல்ல புள்ளி. நேரத்துக்கு வராததும், பிந்தி வந்ததைப் பதியவேண்டாம் என்று கேட்டதும் உட்படப் பல நடத்தைக் குறைகள். பட்டம் கொடுக்க மறுத்தார்கள். கீழ் நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. மேல் நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது. தொழிலுக்குரிய நேர்மையும் ஒழுக்கமும் மருத்துவப் பாடத்தின் ஒரு பகுதிதான், அதை மதிப்பிடுவதும் கல்விதான் என்றது. மாமாவுக்கு இந்த ஒரு வழக்கை அனுப்பினால் போதும்.

அங்கேயும் டொக்டர்மார் வெல்கிற வழக்குகள் உண்டு. இனம், மதம், பால், உடற்குறை காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டது என்று நிரூபித்தவர்கள், முறைப்பாடு செய்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர்கள், வைத்தியசாலை தன்னுடைய விதிகளையே மீறியது என்று காட்டியவர்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தால் எழுதுங்கள், நான் வேறு பதில் சொல்வேன்.

அமெரிக்கத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தப் பிரிப்பு இங்கேயும் உதவும். “இவருடைய மருத்துவ அறிவு, கவனம் போதாது” என்று நிபுணர் சொன்னால் எந்த நீதிபதியும் அவருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கமாட்டார். “இவர் பொய் எழுதினார்” என்று சொன்னால் அது நடந்ததா இல்லையா என்ற கேள்வி. அங்கே குற்றச்சாட்டை அறியவும், பதில் சொல்லவும், பக்கச்சார்பில்லாத ஒருவர் முன் நிற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. முறைப்பாட்டுக்காரரும் முக்கிய சாட்சியுமான நிபுணரே விசாரணைக் குழுவிலும் இருந்தால் அதை ஆட்சேபித்து எழுத்தில் கொடுங்கள்.

விளக்கக் கடிதம்

மறுக்கவேண்டாம். தாதியின் பதிவு இருக்கிறது, நீங்களும் ஒப்புக்கொண்டாயிற்று. இனி மறுத்தால் பொய் இரண்டாகும். அதற்காக எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். நடந்ததை ஒப்புக்கொள்ளுங்கள், அதற்குச் சட்டப் பெயர் வைக்கிற வேலை உங்களுடையதில்லை. கவனயீனம், தீங்கு, துர்நடத்தை என்ற சொற்கள் உங்கள் கடிதத்தில் வரக்கூடாது. இந்த அளவில் இருந்தால் சரி:

“1.20 மணியளவில் அழைப்புக் கிடைத்தபோது நான் மற்ற விடுதியில் அவசர நோயாளி ஒருவரைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய டிக்கெட்டில் என் குறிப்பு உள்ளது. அதன் பின் உடனடியாகப் புறப்படாமல், சோர்வினால் சிறிது நேரம் உறங்கிவிட்டேன். 2.05 மணிக்கு நோயாளியைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கி, உடனடியாக மேலதிகாரிக்கு அறிவித்தேன். காலையில் எழுதிய குறிப்பில் 1.30 எனப் பதிந்தது சரியான நேரம் அல்ல. அன்றே நிபுணரிடம் இதை நேரில் தெரிவித்தேன். இதற்காக வருந்துகிறேன்.”

மேலதிகாரிக்கு அறிவித்தீர்களா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. அறிவிக்கவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். தாதியோடு வாய்த்தர்க்கத்துக்குத் தனியாக ஒரு பந்தி, சாட்டுச் சொல்லாமல், நேரடியான வருத்தத்தோடு. அவரைத் தேடிப்போய்ச் சமாதானம் பேசவேண்டாம். அவர் சாட்சி, போனால் சாட்சியை மாற்றப் பார்த்ததாக வரும்.

ஏழு நாளுக்குள் கடமைப் பட்டியலும் மற்ற டிக்கெட்டின் கொப்பியும் கிடைக்காது போல இருந்தால், காலம் முடிவதற்கு முன்னமே எழுத்தில் நீடிப்புக் கேளுங்கள். சுற்றறிக்கையின் தமிழ்ப் பிரதியையும் கேளுங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 13 ஆம், 16 ஆம் திருத்தங்கள் உறுதிசெய்த விஷயம். கேட்டால் கோபிப்பார்கள் என்று பயந்து, விளங்காத தாளுக்குக் கையெழுத்து வைத்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். பூர்வாங்க விசாரணையில் உங்கள் வாக்குமூலத்தைப் பதிந்தாலும் இதே விதிதான்: உங்கள் மொழியில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து இல்லை.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்தலாம். தகவல் உத்தியோகத்தர் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்யவேண்டும். பலருக்குத் தெரியாதது அந்தச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு: ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுத்த உத்தியோகத்தர், கேட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும். நிபுணர் கையெழுத்து மறுப்பதாகச் சொன்னது இன்னும் கோபத்தில் சொன்ன சொல்தான். காலம் முடிந்து உண்மையிலேயே மறுத்தால், அப்போது காரணத்தை இந்தப் பிரிவின் கீழ் கேளுங்கள். இப்போது கேட்டால் கோபத்தை முடிவாக மாற்றிவிடுவீர்கள்.

அடுத்த கட்டமாகக் குற்றப்பத்திரம் வந்தால், அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் சொல்லும் முறை இருக்கிறது: ஆவணங்களைப் பார்க்கலாம், சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம், உங்கள் பக்கம் பேச எதிர்வாத உத்தியோகத்தர் ஒருவரை வைக்கலாம். ஆனால் நிரந்தர உத்தியோகத்தருக்குள்ள எல்லாப் படிகளும் பயிற்சி நியமனத்துக்கு அப்படியே வரும் என்று நம்பியிருக்கவேண்டாம். உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, யார் கையெழுத்து வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

எந்த நீதிமன்றம், எப்போது

தொழில் நியாயமன்றம் உங்களுக்கு இல்லை. 1950 ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கத்தைத் தொழில்தருநராகக் கொண்டவர்களுக்குப் பொருந்தாது. 49 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதற்குக் காசு வாங்கி விண்ணப்பம் போட்டுத் தர யாராவது வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போது எந்த நீதிமன்றத்துக்கும் போகவேண்டிய கட்டம் இல்லை. விளக்கம் கேட்டிருக்கிறார்கள், முடிவு எடுக்கவில்லை. முடிவு வந்து அது நியாயமற்றதாக இருந்தால் இரண்டு கதவுகள்: அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு, 140 ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யவோ ஒன்றைச் செய்விக்கவோ நீதிமன்றம் இடும் கட்டளை). உங்களை நீக்கிய கட்டளை அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தில் வந்ததென்றால், 61அ உறுப்புரை எழுத்தாணைக் கதவைப் பெரும்பாலும் மூடிவிடும். அப்போது அந்த ஆணைக்குழுவுக்கும், பிறகு நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் மேன்முறையீடு, அல்லது அடிப்படை உரிமை வழக்கு. மருத்துவ சபைக்கு எதிராக எழுத்தாணை கிடைக்கும்: மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிப் பட்டதாரி விடயத்தில் 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சபைக்கு எதிராகத் தீர்த்தது, 2018 செப்டெம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

வைத்தியசாலையை மாகாண சபை நடத்துகிறதே, வவுனியா மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்டால் கொழும்புக்கு அலையத் தேவையில்லையே என்று உங்களுக்கும் தோன்றலாம். மாகாணப் பட்டியலுக்குட்பட்ட, அதாவது மாகாண சபைக்கு ஒதுக்கிய விடயங்களுக்கான, அதிகாரத்தைப் பயன்படுத்தி எடுத்த முடிவுகளுக்கு மட்டும்தான் அங்கே போகலாம். மத்திய அமைச்சின் முடிவு என்றால் கொழும்பு புதுக்கடையில் உள்ள நீதிமன்றம்தான்.

இங்கே பலர் தோற்பது நியாயத்தில் இல்லை, நாட்கணக்கில். அடிப்படை உரிமை வழக்கை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். உள்ளே மேன்முறையீடு செய்திருக்கிறேன், பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த மாதம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது. வவுனியாவிலேயே அவர்களின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுக் கடிதத்தின் கொப்பி மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதமும் தேவை.

“என்னோடு இருந்த இன்னொருவரும் இப்படித்தான் எழுதினார், அவரை ஒன்றும் செய்யவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவம் என்பது பிழைவிட்ட மற்றவருக்குக் கிடைத்த தப்பித்தல் எனக்கும் வேண்டும் என்பது இல்லை என்று எங்கள் உயர் நீதிமன்றம் 1980களிலேயே சொல்லிவிட்டது. அதை விளக்கக் கடிதத்தில் எழுதினால் ஒரு சக டொக்டரைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் முடியும். ஒரே குற்றத்துக்கு உங்களுக்கு மட்டும் மிகக் கடுமையான தண்டனை வந்தால், அப்போது தண்டனையின் அளவைப் பற்றிப் பேசலாம்.

மிச்சம் இரண்டு. பாராளுமன்ற உறுப்பினர் வேண்டாம். அரச உத்தியோகத்தர் தன் விவகாரத்தில் வெளிச் செல்வாக்கைக் கொண்டுவருவதே ஒழுக்காற்று விதிகளுக்கு மாறானது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்திடம் போகலாம், எதிர்வாத உத்தியோகத்தராக அனுபவமுள்ள ஒருவரைக் கண்டுபிடித்துத் தருவார்கள். அடுத்தது, நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் அந்த டிக்கெட்டின் படத்தைப் போட்டதாக ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்களே, அதில் நோயாளியின் பெயர் தெரிகிறதா? தெரிந்தால், நோயாளியின் இரகசியத்தை வெளியிட்டது என்று இன்னொரு குற்றச்சாட்டு அங்கேயே கிடக்கிறது. உங்கள் பதிவை நீக்குங்கள். மற்றவர்கள் எடுத்துவைத்த படத்தையும் நீக்கச் சொல்லுங்கள். என்ன போட்டீர்கள், எப்போது நீக்கினீர்கள் என்பதற்கு ஒரு குறிப்பு மட்டும் உங்களிடம் இருக்கட்டும். யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லவேண்டி வரும்.

விளக்கக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் காட்டுங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நிர்வாகச் சட்டமும் ஒழுக்காற்று விசாரணைகளும் செய்து பழகியவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது நியமனக் கடிதத்தை மறக்காமல் கொண்டுபோங்கள். நீங்கள் எனக்கு அனுப்பிய தாள்கட்டில் எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை.